அலுவலக நெட்வொர்க்கில் சொந்த மின்னஞ்சல்: பெங்களூரு ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ மான்யதா டெக் பார்க்கிலோ வேலைக்குச் சேருகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே பார்ப்பது, அலுவலகக் கணினியில் ஜிமெயிலைத் திறந்தவுடன் வந்து நிற்கும் 'இந்தத் தளத்துக்கு அனுமதி இல்லை' என்ற பக்கத்தைத்தான். தகவல் பாதுகாப்புப் பணியில் இருப்பதால் தமிழ் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் தொடர்ந்து கேட்கிறார்கள். ஓசூரிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் மென்பொருள் ஊழியர்களும் உண்டு, பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறவர்களும் உண்டு. அவர்களுடைய கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன. சட்டம் குறுக்கிடும் இடங்களில் பொதுவான நிலையை மட்டுமே சொல்கிறேன். உங்கள் தனிப்பட்ட சிக்கலுக்கு வழக்கறிஞரிடம்தான் ஆலோசனை பெற வேண்டும்.

வேலை நேரம் வீணாகிறது என்பதற்காகத்தானே ஜிமெயிலைத் தடுக்கிறார்கள்?

ஒரு காலத்தில் அந்தக் காரணமும் சொல்லப்பட்டது. எல்லார் கையிலும் மொபைல் இருக்கும் இன்று, கணினியில் மெயிலைத் தடுத்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எந்த நிர்வாகியாவது நம்பினால் அவருக்காகப் பரிதாபப்படத்தான் முடியும். இன்றைய தடைக்கு வேறு காரணங்கள் உள்ளன.

நிறுவனத்தின் முகவரிக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு சோதனை அமைப்பைக் கடந்துதான் உங்கள் இன்பாக்ஸுக்கு வருகிறது. அனுப்பியவர் உண்மையிலேயே அந்த முகவரிக்கு உரியவர்தானா என்று அங்கே பார்க்கிறார்கள். சந்தேகத்துக்குரிய இணைப்புக் கோப்புகளைத் தனியான ஒரு சூழலில் திறந்து, அவை என்ன செய்கின்றன என்று கவனிக்கிறார்கள். சொந்த மெயிலோ பிரவுசர் வழியாக, மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் வருவதால் இந்தச் சோதனைகளுக்கு உட்படுவதில்லை. அதில் வந்த 'கூரியர் ரசீது' என்ற கோப்பை நீங்கள் கிளிக் செய்தால், அது திறப்பது வாடிக்கையாளர் தரவு இருக்கும் சர்வர்களோடு இணைந்துள்ள அலுவலகக் கணினியில்.

வெளியே போகும் வழியும் அப்படித்தான். நிறுவன மெயிலில் ஒரு பட்டியலை வெளியாருக்கு அனுப்பினால் அது பதிவாகும். அட்டை எண்களோ ஆதார் எண்களோ கூட்டமாக இருந்தால் நிறுத்தப்படவும் கூடும். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 27001இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் தரவுக் கசிவைத் தடுப்பதும் இணையத் தளங்களை வடிகட்டுவதும் தனித்தனிக் கட்டுப்பாடுகளாகவே சேர்க்கப்பட்டன. அந்தச் சான்றிதழைக் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் நகரம் இது என்பதையும் மறக்கக் கூடாது.

ஜிமெயிலே ஸ்பாமையும் வைரஸையும் நன்றாக வடிகட்டுகிறதே?

உண்மைதான், பல சிறு நிறுவனங்கள் வைத்திருக்கும் வடிகட்டியைவிட அது மேலானது என்றே சொல்வேன். தடுத்த பிறகும் ஏதாவது தப்பி உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. நிறுவன மெயிலில் ஒரு மோசடிக் கடிதம் நுழைந்தது தெரிந்தால், அது யார் யாருக்கு வந்தது, யார் திறந்தார்கள் என்று சில நிமிடங்களில் கண்டறிந்து எல்லா இன்பாக்ஸிலிருந்தும் அதை எடுத்துவிட முடியும். உங்கள் சொந்த மெயிலில் வந்ததை நாங்கள் தேடவும் முடியாது, தேடவும் கூடாது. அதோடு, எல்லாரும் ஜிமெயில் வைத்திருப்பதில்லை. 2013இல் யாஹூவில் நடந்த ஊடுருவலில் 300 கோடிக் கணக்குகள் பாதிக்கப்பட்டன என்பது 2017இல்தான் முழுமையாகத் தெரியவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பழைய கடவுச்சொல்லையே அலுவலகத்திலும் வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

இதனால் பெரிய நிறுவனம் எதுவும் உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்கிறதா?

பாதுகாப்புச் சேவைகளைப் பிறருக்கு விற்கும் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட விவரங்களைப் பார்ப்போம்.

2022 மே மாதம் சிஸ்கோவின் நெட்வொர்க்குக்குள் ஊடுருவல் நடந்தது. முதலில் தாக்கப்பட்டது ஓர் ஊழியரின் சொந்தக் கூகுள் கணக்கு. அவர் குரோம் பிரவுசரில் கடவுச்சொற்களைச் சேமித்து, அவை கூகுள் கணக்கோடு ஒத்திசையும்படி வைத்திருந்தார். சேமித்தவற்றில் சிஸ்கோவின் கடவுச்சொல்லும் இருந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தும் தாக்கியவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. நம்பத்தகுந்த நிறுவனங்களிலிருந்து பேசுவதுபோல் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். உள்நுழைவை அனுமதிக்கச் சொல்லும் கோரிக்கைகளை மொபைலுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பி, ஒன்றை அவர் ஏற்கும்வரை விடவில்லை. அதன் பிறகு, வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு இணைய உதவும் விபிஎன் வழியாக உள்ளே போய்விட்டார்கள்.

2023 இலையுதிர் காலத்தில் ஆக்டா நிறுவனத்தில் நடந்தது இதைவிட எளிமையானது. நிறுவன லேப்டாப்பின் குரோமில் ஓர் ஊழியர் தன் சொந்தக் கூகுள் கணக்கால் உள்நுழைந்திருந்தார். வாடிக்கையாளர் உதவி அமைப்பின் ஒரு சேவைக் கணக்குக்கான கடவுச்சொல் அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகியிருந்தது. அதைக் கொண்டு நுழைந்தவர்கள் 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்துவிட்டார்கள். நிறுவன லேப்டாப்களில் சொந்தக் கணக்கால் குரோமில் உள்நுழைவதைத் தடுப்பது, பின்னர் அந்நிறுவனம் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று.

இந்த இரண்டிலும் கடவுச்சொல் வெளியேறியது ஒரு கடிதத்தின் வழியாக அல்ல என்பதைக் கவனியுங்கள். மெயில் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு, பிரவுசரில் சொந்தக் கணக்கால் உள்நுழைவதை அனுமதிக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பாதி வேலைதான் நடந்திருக்கிறது. உங்கள் அலுவலகப் பிரவுசரின் மேல்மூலையில் உங்கள் சொந்தப் புகைப்படம் தெரிகிறதென்றால், இதைப் படித்து முடிப்பதற்குள் வெளியேறிவிடுங்கள். சேமித்த கடவுச்சொற்களில் அலுவலகத்துடையது இருந்தால் நீக்கி, அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

என் ஜிமெயிலில் இருப்பதை நிறுவனம் படிக்க முடியுமா?

தொழில்நுட்பப்படி, சில அலுவலகங்களில் முடியும். உங்கள் கணினிக்கும் கூகுளுக்கும் இடையிலான தொடர்பு ஒட்டிய உறைக்குள் போகும் கடிதத்தைப் போன்றது. நடுவில் இருப்பவருக்கு முகவரி தெரியும், உள்ளடக்கம் தெரியாது. ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதிசொல்வது டிஜிட்டல் சான்றிதழ். நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழை ஊழியர்களின் லேப்டாப்களில் நிறுவியிருந்தால், அதன் ப்ராக்ஸி, அதாவது இணையத் தொடர்புகள் கடந்துபோகும் இடைநிலை சர்வர், அந்த உறையைப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி அனுப்ப முடியும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, அந்தத் தளத்தின் சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். கூகுளின் பக்கத்துக்கான சான்றிதழை உங்கள் நிறுவனமோ ஏதாவது பாதுகாப்பு மென்பொருளோ வழங்கியதாக இருந்தால், தொடர்பு நடுவில் பிரிக்கப்படுகிறது என்று பொருள். வங்கித் தளங்களையும் மருத்துவத் தளங்களையும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கிவைப்பது நல்ல நடைமுறை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பிரித்துப் பார்ப்பது மென்பொருள்தான், உட்கார்ந்து படிக்கும் மனிதர் அல்ல என்று ஐ.டி. துறையினர் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனாலும் படிக்கக்கூடிய நிலை இருக்கிறது என்பதே ஊழியரிடம் முன்கூட்டிச் சொல்லப்பட வேண்டிய செய்தி என்பது என் கருத்து. ஒருவருடைய சொந்த மெயிலைப் பிரித்துப் பார்ப்பதைவிட அந்தத் தளத்தை முழுவதுமாகத் தடுப்பது அவருடைய அந்தரங்கத்துக்குச் செய்யும் மரியாதை என்றும் நினைக்கிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறதே?

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அப்படித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆதாரை எதிர்த்து, அதாவது அரசை எதிர்த்து, எழுந்த வழக்கு அது. தனியார் அலுவலகத்தின் கணினியில் எதைத் திறக்கலாம் என்பதை அது நேரடியாக முடிவு செய்வதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளுக்காகவும், வணிக ரகசியம் கசிவது போன்ற இழப்புகளிலிருந்து முதலாளியைக் காப்பதற்காகவும் ஊழியரின் தரவைக் கையாளலாம் என்று அதன் 7ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே சட்டம், தனிநபர் தரவைக் காக்க நியாயமான ஏற்பாடுகள் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கட்டுப்பாடுகள் இனித் தளரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஐரோப்பாவில் ஒரு வழக்கு உண்டு. ருமேனியாவைச் சேர்ந்த பர்புலெஸ்கு என்ற பொறியாளர் அலுவலகத்தில் யாஹூ மெசெஞ்சரைச் சொந்த உரையாடலுக்குப் பயன்படுத்தியதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. எந்த அளவுக்குக் கண்காணிப்பு இருக்கும் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்பட்டதா என்பதையும், இதைவிடக் குறைந்த தலையீட்டில் காரியம் நடந்திருக்காதா என்பதையும் உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், கொள்கை எழுத உட்காரும் எந்த எச்.ஆர். அதிகாரிக்கும் அந்தக் கேள்விகள் பயன்படும்.

பேஸ்லிப்பையும் ஃபார்ம் 16ஐயும் என் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளலாமா?

எங்கள் கவனத்துக்கு வரும் 'மீறல்கள்' பல இந்த வகையைச் சேர்ந்தவை. இதில் குறை ஊழியரிடம் இல்லை என்பது என் கட்சி. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் கடைசி மூன்று மாதப் பேஸ்லிப் கேட்கிறார்கள். அவை உங்களுடைய ஆவணங்கள், உங்களைப் பற்றியவை. அவற்றைப் பெற ஒரு நேரான வழியை நிறுவனம் கொடுக்காவிட்டால் ஊழியர் திரையை மொபைலில் படம் பிடிப்பார், பென் டிரைவ் தேடுவார், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அலுவலக லேப்டாப்பை இணைப்பார். தடுக்க நினைத்ததைவிட மோசமான பழக்கங்கள் இப்படித்தான் வேரூன்றுகின்றன. சம்பளப் போர்ட்டலை வெளியிலிருந்து, சொந்த முகவரியில் வரும் ஒடிபியோடு திறக்க வழிசெய்வது ஒன்றும் பெரிய காரியம் அல்ல.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, பி.எஃப். கணக்கிலும் சம்பளப் போர்ட்டலிலும் சொந்த முகவரியையும் சொந்த எண்ணையும் இப்போதே பதிந்துவைப்பது. வேலையை விட்டுப் போன பிறகு பழைய அலுவலக முகவரிக்கு ஒடிபி போய்க்கொண்டிருக்கும். அது யாருக்கும் வந்து சேராது.

வேலையை வீட்டில் முடிப்பதற்காகக் கோப்பை எனக்கே அனுப்பிக்கொள்வதில் என்ன தவறு?

வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவில் சேலத்துக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறும் அவசரத்தில், லேப்டாப்பை மேசையிலேயே வைத்துவிட்டுக் கோப்பை மட்டும் ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டுப் போவது பலருடைய வழக்கம். எண்ணம் நல்லதுதான். ஆனால் அனுப்பிய கணத்திலிருந்து அந்தக் கோப்பின் பிரதி உங்கள் மொபைலிலும், ஊரில் தம்பி பயன்படுத்தும் பழைய கணினியிலும், அந்தக் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் கிடைக்கும். திங்கட்கிழமை அதை அழிக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கு பறிபோகும்போது கோப்பும் சேர்ந்தே போகிறது. அதற்குள் நீங்கள் வேறு நிறுவனத்துக்குக்கூட மாறியிருக்கலாம்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, கணினிக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் தரவைப் பிரதி எடுப்பதை இழப்பீட்டுக்கு உரியதாக வைத்திருக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். வீட்டு வேலைக்காக அனுப்பியவர்மீது வழக்கு பாய்வது அரிது. வேலை பறிபோவது அவ்வளவு அரிது அல்ல. விபிஎன் கேளுங்கள், அல்லது லேப்டாப்பைச் சுமந்து செல்லுங்கள்.

தவறுதலாக அனுப்பிவிட்டேன். இப்போது அழித்துவிட்டால் போதுமா?

அழிக்காதீர்கள். உடனே உங்கள் பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அனுப்பியது ஏற்கெனவே பதிவாகியிருக்கும்; கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தரவுக் கசிவு உள்ளிட்ட சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் உண்டு. நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் சக ஊழியர் ஒருவரின் வேலையைக் கடினமாக்குகிறது. நீங்களாக முன்வந்து சொன்னதும், பதிவிலிருந்து பிறர் கண்டுபிடித்ததும் விசாரணையில் ஒரே மாதிரி பார்க்கப்படுவதில்லை.

நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். நான் எழுதிய புரோகிராம்களை எடுத்துப் போகலாமா?

முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின் பகுதியாக உருவாக்கிய படைப்பின் முதல் உரிமையாளர் முதலாளியே என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ராஜினாமா செய்தவரின் பதிவுகளை முந்தைய மாதங்கள்வரை பின்னோக்கிப் பார்ப்பது பல நிறுவனங்களில் வழக்கம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அலுவலகத்தில் எனக்குத் தொல்லை நடக்கிறது. ஆதாரம் அலுவலக மெயிலில் இருக்கிறது. அதையும் வெளியே அனுப்பக் கூடாதா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் 'கூடாது' என்று எழுதிவிட்டுப் போகும் கொள்கைகளை நான் ஏற்பதில்லை. பயந்திருக்கும் ஒருவருக்கு, கணக்கு எப்போது முடக்கப்படுமோ என்ற அச்சம் நியாயமானது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடத்தில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். போதிய காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரில் ஒவ்வொரு மெயிலின் நாள், நேரம், அனுப்பியவர், தலைப்பு ஆகியவற்றைக் குறித்து, அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு அவை காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். அந்தக் குறிப்பை உங்கள் சொந்த நோட்டில், கையால் எழுதிவைத்துக்கொள்வதை எந்த ஃபயர்வாலும் தடுப்பதில்லை. மெயில்களையே பிரதி எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், எடுப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். உங்களைப் பற்றியவற்றோடு வாடிக்கையாளர் தரவும் கலந்து போனால், உங்கள் புகாரைத் திசைதிருப்ப அது எதிர்த்தரப்புக்குக் கைகொடுக்கும்.

சொந்த மொபைலில் பார்த்துக்கொள்ளலாமா?

உங்கள் மொபைல் டேட்டாவில் தாராளமாகப் பார்க்கலாம். கெஸ்ட் வைஃபை இருந்தால் அதிலும் பார்க்கலாம். ஒழுங்காக அமைத்திருந்தால் அது உள் நெட்வொர்க்கோடு சேராமல் தனியாக இருக்கும். ஊழியர்களுக்கான வைஃபையில் சொந்த மொபைலை இணைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

வாட்ஸ்அப் வெப்?

அதே ஆபத்துதான். மெயிலைத் தடுத்துவிட்டு இதைத் திறந்துவைத்திருக்கும் அலுவலகங்களின் தர்க்கம் எனக்கு இதுவரை விளங்கவில்லை.

எங்களுடையது இருபது பேர் கொண்ட தொழிற்கூடம். கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாமே ஜிமெயிலில்தான். நாங்கள் எதைத் தடுப்பது?

முதலில் தடுக்க எதுவுமில்லை; பிரிக்கத்தான் வேண்டும். நிறுவனத்தின் தொழில் மெயிலே முதலாளியின் மகன் பெயரில் உள்ள இலவசக் கணக்கில் ஓடும்போது சொந்த மெயில், அலுவலக மெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. சொந்த டொமைன் பெயர் ஒன்றை வாங்கி, கட்டணச் சேவையில் ஒவ்வொருவருக்கும் தனி முகவரி கொடுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றோடு சென்னையைச் சேர்ந்த ஜோஹோவும் இந்தச் சேவையைத் தருகிறது. எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் டொமைனில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் பிறர் போலி மெயில் அனுப்புவதை அவை கடினமாக்கும்.

சிறு தொழில்களை உண்மையில் நோகடிப்பது ரகசியக் கசிவைவிடப் பண மோசடிதான். வழக்கமாகச் சரக்கு அனுப்பும் வியாபாரியின் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்' என்று மெயில் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும், அல்லது அந்த வியாபாரியின் கணக்கே பறிபோயிருக்கும். கணக்கு எண் மாற்றம் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை என்று கணக்குப் பிரிவில் ஒரு விதி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பிரித்த பிறகு, பணம் செலுத்தும் கணினி, வடிவமைப்புக் கோப்புகள் உள்ள கணினி ஆகியவற்றிலாவது சொந்த மெயிலைத் தடுங்கள். நீங்கள் வாங்கியது கூகுளின் சேவை என்றால் ஒரு சிக்கல் உண்டு: இரண்டு மெயிலுக்கும் தள முகவரி ஒன்றே என்பதால் தளத்தை அடைத்தால் இரண்டும் அடைபடும். குறிப்பிட்ட டொமைனின் கணக்குகளை மட்டும் அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அதை அமைக்கத் தெரிந்தவரை ஒருமுறை கூலி கொடுத்துக் கூப்பிடுவதே சிக்கனம்.

அரசு அலுவலகங்களிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டா?

மத்திய அரசு 2015இல் அறிவித்த மின்னஞ்சல் கொள்கை, அரசுப் பணிக்குத் தனியார் மெயில் சேவைகளைப் பயன்படுத்தாமல் தேசியத் தகவலியல் மையம் தரும் முகவரியையே பயன்படுத்தச் சொன்னது. 2025இல் அந்த முகவரிகள், பின்னொட்டு மாறாமலே, ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டன.

தடுக்கப்பட்ட பக்கத்தைத் தெரியாமல் திறந்துவிட்டால் நடவடிக்கை எடுப்பார்களா?

மாட்டார்கள். பதிவில் ஒரு வரி விழும். அதைப் போன்ற வரிகள் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் விழுகின்றன, யாரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. தடையைத் தாண்ட இலவச விபிஎன் மென்பொருளை நிறுவுவதும், ப்ராக்ஸித் தளங்களை அடுத்தடுத்து முயல்வதும்தான் எச்சரிக்கையை எழுப்பும். பிள்ளையின் பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வரும் மெயிலை அலுவலகக் கணினியிலேயே பார்த்தாக வேண்டிய தேவை இருந்தால், காரணத்தையும் எத்தனை நாளுக்கு என்பதையும் குறிப்பிட்டு மேலாளர் வழியாக விதிவிலக்கு கேளுங்கள். பெரிய நிறுவனங்களில் அதற்கென்றே ஐ.டி. துறையிடம் பதிவு செய்யும் ஒரு டிக்கெட் (கோரிக்கை) வகை இருக்கும்.